சோடியாக்குக்கு ஃபின் வைப்பதா, ரடர் மட்டும் போதுமா?

என் கராஜின் உத்தரத்தில் இரண்டு நைலான் கயிற்றில் ஒரு ரடர், அதாவது விமான வாலில் திரும்பும் சுக்கான், தொங்குகிறது. நான் கட்டிக்கொண்டிருக்கும் சோடியாக் சிஎச் 650 என்ற சின்ன விமானத்துக்காக நானே செய்தது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மெக்சிகோ என்றொரு சின்ன ஊர் இருக்கிறது, அங்கே இந்த விமானத்தின் பாகங்களைத் தயாரித்து விற்கும் செனித் தொழிற்சாலையில் புதிதாக விமானம் கட்ட வருகிறவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறார்கள். போகிறவர் ஒவ்வொருவரும் தன் விமானத்தின் ரடரைத் தன் கையாலேயே செய்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரலாம். அப்படி வந்ததுதான் இது. இப்போது பின் உடலின் மேல் தகடு மட்டும் பாக்கி, ஆய்வாளர் வந்து பார்த்ததும் அதை மூடிவிடலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இந்த ரடரை அப்படியே மாட்டுவதா, அல்லது விருப்பத்தேர்வாகக் கிடைக்கும் நிலையான ஃபினையும் அதற்கேற்ற ரடரையும் வாங்கிப் பொருத்துவதா?

நாலு மாதமாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சோடியாக் சிஎச் 650 கட்டுகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும், அதனால் நான் எப்படி எடைபோட்டேன் என்பதை முழுசாக எழுதிவைக்கிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண விமானத்தின் செங்குத்து வாலில் இரண்டு துண்டுகள் இருக்கும். முன் துண்டு உடலோடு அசையாமல் நிற்கும், அதுதான் ஃபின். பின் துண்டு கீலில் ஆடும், அதுதான் ரடர், நம் தமிழில் சுக்கான். சோடியாக்கில் முன் துண்டே கிடையாது. முழு வாலும் ஒரே துண்டு, பெடலை மிதித்தால் முழுசாகத் திரும்பும். இதை வடிவமைத்த கிறிஸ் ஹைன்ட்ஸ் கான்கார்டு திட்டத்தில் வேலை பார்த்தவர், பிரான்சின் ராபின் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர், பிறகு கனடாவுக்கு வந்து 1974-இல் செனேர் நிறுவனத்தை ஆரம்பித்தவர். ஃபின் வைக்க வேண்டும் என்று தெரியாமல் விட்ட ஆள் இல்லை. குறைந்த எடை, குறைந்த உதிரிபாகம், மெதுவாகப் பறக்கும்போதும் நல்ல பிடி என்று தெரிந்தேதான் விட்டிருக்கிறார். அவருடைய குறுந்தூர ஓடுதள விமானமான சிஎச் 701-லும் இதே ஏற்பாடுதான்.

ஃபின் இல்லாத வால் ஒன்றும் புதிய விஷயமில்லை. 1909-இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிளேரியோ 11-இல் ஃபின் கிடையாது. முதல் உலகப் போரின் ஃபோக்கர் மூவடுக்கு விமானத்திலும் கிடையாது, காற்புள்ளி வடிவத்தில் ஒரு ரடர் மட்டும்தான். ரைட் சகோதரர்களின் கதை இதற்கு நேர்மாறாகப் போகிறது. 1902-இல் அவர்களுடைய கிளைடரில் முதலில் இரண்டு அசையாத ஃபின்கள்தான் இருந்தன, சாய்ந்து திரும்பும்போது தாழ்ந்த இறக்கை பக்கமாகவே வழுக்கிப்போய் மணலில் குத்திக்கொண்டது. அந்த ஆண்டே இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு அசையும் ரடரை வைத்து, அதை இறக்கை முறுக்கும் கம்பியோடு இணைத்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. ஆக, அசையாத துண்டு இருந்தாலே பாதுகாப்பு, இல்லாவிட்டால் ஆபத்து என்று இந்த விஷயத்தை எளிமைப்படுத்திவிட முடியாது.

சரி, ஃபின் என்ன செய்கிறது? காற்றுத்திசைகாட்டிச் சேவலின் வால் செய்கிற அதே வேலைதான். மூக்கு ஒரு பக்கம் விலகினால் வாலில் காற்று பட்டு அதைத் திரும்பவும் நேராக்குகிறது. இந்த வேலையை ரடரும் செய்யும், அதில் சந்தேகமில்லை, ஆனால் அது நேராகப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். பெடலில் கால் உறுதியாக இருந்தால் முழு ரடரும் ஃபினாகவே நடந்துகொள்ளும். காலை எடுத்துவிட்டால் ரடர் தன் போக்குக்கு விடப்படுகிறது, காற்று தள்ளுகிற பக்கமோ கேபிள், பெடல் உராய்வு நிறுத்துகிற இடமோ, அங்கே போய் நிற்கும். ஃபின் உள்ள விமானத்தில் காலை எடுத்தாலும் அந்த முன் துண்டு அசையாமல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இதைக் காகிதத்தில் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒருமுறை பறந்து பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும். போன கோடையில் ஃபின் இல்லாத சோடியாக் வைத்திருக்கும் ஒரு நண்பர் என்னைக் கனடாவின் ஒண்டாரியோவில் இருக்கும் ஜார்ஜியன் பே பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மூவாயிரம் அடியில் சமமாகப் பறந்துகொண்டிருந்தோம். சோடியாக்கில் ஸ்டிக் இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒன்றுதான் இருக்கும், ஒய் வடிவத்தில், அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "இப்ப ரெண்டு காலையும் எடுத்துத் தரையில வைங்க" என்றார். வைத்தேன். முதல் சில விநாடி எதுவும் நடக்கவில்லை. அப்புறம் சரிவு காட்டும் கண்ணாடிக் குழாயில் இருந்த கருப்புப் பந்து மெதுவாக இடது பக்கம் நகர்ந்து, அரைப் பந்து தூரம் தள்ளிப் போய் அங்கேயே நின்றுகொண்டது. திரும்பி வரவில்லை. எதிரே தெரிந்த தீவு கண்ணாடியின் ஓரத்துக்கு நகர்ந்தது. ஒரு சின்னக் குலுக்கல் வந்ததும் பந்து அடுத்த பக்கம் போனது. இடது காலால் லேசாக, செருப்பு நுனியால் தட்டுகிற மாதிரி மிதித்தேன், உடனே மூக்கு துள்ளித் திரும்பியது. அவ்வளவு கூர்மை. பயமாக எல்லாம் இல்லை, ஆனால் இந்த விமானத்தில் என் கால்கள் ஓய்வெடுக்கப் போவதில்லை என்று அப்போதே தெரிந்தது. அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. பல வருஷமாகப் பறக்கிறார், கால் தானாகவே பெடலில் இருக்கிறது. ஏதோ ஒரு விமானத்தில் நடந்ததை எல்லா சோடியாக்குக்கும் பொருத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், கேபிள் இறுக்கம், பெடல் பியரிங்கின் உராய்வு, ரடரின் பின் ஓரத்தில் ஒட்டிய சின்ன ட்ரிம் தகடு, எல்லாமே இந்த நடத்தையை மாற்றும்.

இப்போது அடுத்த பக்கத்துக்கு வருகிறேன், அந்தப் பக்கம் லேசானது இல்லை.

முழுசாகத் திரும்பும் ரடரின் பெரிய பலம் தரைக்குப் பக்கத்தில்தான் தெரியும். இறங்கும்போது வேகம் குறைவு, வாலில் படும் காற்றும் குறைவு, அந்த நேரத்தில் பக்கக்காற்று அடித்தால் மூக்கை ஓடுதளத்தோடு நேராக்க ரடரில் எவ்வளவு பிடி இருக்கிறது என்பதுதான் கணக்கு. முழு வாலும் திரும்பினால் சின்ன மிதியிலேயே நிறைய விசை கிடைக்கும். ஃபின் வைத்தால் திரும்புகிற பரப்பு குறைகிறது, அதே விசைக்குப் பெடலை இன்னும் அதிகமாக மிதிக்க வேண்டியிருக்கும். சோடியாக்கில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு, பலர் இதை யோசிப்பதே இல்லை. பெடலிலிருந்து மூக்குச் சக்கரத்துக்கு நேரடியாகக் கம்பி போகிறது. அதாவது நீங்கள் பக்கக்காற்றுக்காக வலது பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது மூக்குச் சக்கரமும் வலது பக்கம் திரும்பித்தான் இருக்கும். அப்படியே தரையில் வைத்தால் விமானம் அந்தப் பக்கம் பாயும். அதனால் மூக்குச் சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்னால் பெடலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சின்ன மிதியிலேயே வேலை முடிந்தால் சக்கரமும் கொஞ்சம்தான் திரும்பியிருக்கும், நடுவுக்குக் கொண்டுவருவது சுலபம். ஃபின் இல்லாத வால் இங்கே உண்மையாகவே மேல்.

ஸ்லிப்பும் அப்படித்தான். பழைய சோடியாக்கான சிஎச் 601 எச்டி-யில் ஃபிளாப், அதாவது இறங்கும்போது இறக்கையின் பின் ஓரத்தில் கீழே இறக்கும் தகடு, கிடையாது, உயரத்தைச் சீக்கிரம் குறைக்க விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து இறக்குவதுதான் வழி, அதற்கு அந்த பலமான ரடர் பெரிய உதவி. பின்னால் வந்த 601 எக்ஸ்எல்-லிலும் 650-லும் ஃபிளாப் வந்துவிட்டதால் இந்தத் தேவை குறைந்துவிட்டது.

எடைக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். கூடுதல் எடை என்னவோ கொஞ்சம்தான், ஆனால் அது வாலின் நுனியில் போய் உட்காருகிறது. உதாரணத்துக்குக் கூடுதலாக 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம், ஈர்ப்பு மையத்திலிருந்து 3.5 மீட்டர் பின்னால். பெருக்கினால் 7. வெறும் விமானமும் ஒரு பைலட்டும் சேர்ந்து சுமார் 400 கிலோ என்றால் ஈர்ப்பு மையம் ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் பின்னால் போகிறது. முழுப் பாரத்தில், அதாவது 600 கிலோவில், ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இருக்கைக்குப் பின்னால் பெட்டி வைக்கிறவர்களுக்கு இது சின்ன எண் இல்லை. இதைச் சரிசெய்ய 6 கிலோ பேட்டரியை 1.2 மீட்டர் முன்னால் நகர்த்தினால் போதும், ஆனால் அந்த இடத்தை இப்போதே முடிவு செய்ய வேண்டும், கேபிள் எல்லாம் இழுத்து முடித்த பிறகு யோசித்தால் வலிக்கும்.

இங்கேதான் எஞ்சின் வந்து நிற்கிறது. ரோடாக்ஸ் 912 போட்டால் மூக்கு லேசு, வாலில் சேர்க்கிற ஒவ்வொரு கிராமும் உறுத்தும். நான் போடப்போவது செவர்லே கோர்வேர் காரின் எஞ்சினை விமானத்துக்காக மாற்றியமைத்தது, அது கிட்டத்தட்ட 100 கிலோ. என் விமானம் ஏற்கெனவே மூக்குக் கனம் உள்ளதாகத்தான் வரப்போகிறது. எனக்கு வாலில் 2 கிலோ கூடினால் நஷ்டமில்லை, சொல்லப்போனால் நல்லதுதான். பக்கத்து ஹேங்கரில் ரோடாக்ஸ் போடுகிறவருக்கு இதே முடிவு சரிவராமல் போகலாம்.

மூக்குப் பக்கம் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் வருகிற பக்கவாட்டுப் பரப்பு எதுவானாலும், அது ஃபினுக்கு எதிராக வேலை செய்கிறது. நீளமான எஞ்சின் மூடி, மூக்குச் சக்கரத்துக்கு மேல் மாட்டும் பெரிய உறை, ப்ரொப்பல்லர் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். மிதவை மாட்டுகிற விமானங்களில் இது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், ஒண்டாரியோ ஏரிகளில் நிற்கும் செஸ்னாக்களையும் பீவர்களையும் பாருங்கள், பலவற்றில் வாலின் அடியிலோ பக்கத்திலோ கூடுதலாகச் சின்ன ஃபின் இருக்கும். மிதவைகளின் முன் பகுதி மூக்கைத் தள்ளுகிறது, அதை ஈடுகட்டத்தான் அது. சக்கர உறையை மாட்டின பிறகு விமானம் கொஞ்சம் இடவலமாக அலைய ஆரம்பித்துவிட்டது என்று ஒரு சோடியாக்காரர் என்னிடம் சொன்னது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

அதற்காகப் பெரிய ஃபினாக வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஃபின் மிகப் பெரிதாகி, இறக்கையின் மேல்நோக்கிய கோணம் போதாமல் போனால், சாய்ந்த இறக்கை தானாக நிமிராது, மூக்கு தாழ்ந்த பக்கமாகவே இழுத்துக்கொண்டு மெல்லச் சுருளாக இறங்க ஆரம்பிக்கும். தரையிலும் பெரிய வால் பக்கக்காற்றில் மூக்கைக் காற்றின் பக்கம் இழுக்கும். எவ்வளவு ஃபின் என்பது இறக்கையோடும் உடல் நீளத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கணக்கு, அதைத் தொழிற்சாலை போட்டுக் கொடுத்திருக்கிறது.

அதனால்தான் மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால், அதாவது இருக்கிற ரடருக்கு முன்னால் நாமே ஒரு சின்னத் தகட்டை வெட்டி ரிவெட் அடித்துவிடலாம் என்றால், தயவுசெய்து வேண்டாம். முழுசாகத் திரும்பும் ரடரின் அச்சு எங்கே இருக்க வேண்டும், அதற்கு முன்னால் எவ்வளவு பரப்பு இருக்கலாம் என்பதெல்லாம் ஒன்றோடொன்று கட்டுண்டவை. 2006 முதல் 2009 வரை சிஎச் 601 எக்ஸ்எல் இறக்கைகள் வானில் உடைந்த விபத்துகளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தும்படி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குப் பரிந்துரைத்தது, இறக்கையின் பின் ஓரத்தில் ஆடும் எய்லரானின் படபடப்புதான் காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டியது, பிறகு வந்த மேம்படுத்தலில் இறக்கைக்குக் கூடுதல் பலமும் எய்லரானுக்கு எதிரெடையும் சேர்த்தார்கள். அது இறக்கை விஷயம், வாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் காற்றில் ஆடுகிற ஒரு தகட்டின் எடையோ அச்சோ கொஞ்சம் தப்பினால் என்ன ஆகும் என்பதை அது எனக்கு ஆழமாகச் சொல்லிக்கொடுத்தது. உயிர்கள் போயின. வரைபடத்தில் இல்லாத துண்டை நான் வாலில் ஒட்டமாட்டேன்.

இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் போர் விமானத்தில் பிற்பாடு ஒரு ஃபினைச் சேர்த்தார்களே என்று கேட்கலாம். சேர்த்தார்கள், டி வகையில் பின் உடலை வெட்டித் தாழ்த்தி உருண்டைக் கண்ணாடி வைத்ததும் திசை உறுதி குறைந்தது, 1944-இல் முதுகில் நீண்ட சின்ன ஃபின் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு முழு நிறுவனத்தின் பரிசோதனைப் பறத்தல் இருந்தது.

வேலை எவ்வளவு கூடும்? ஃபின் என்றால் இன்னொரு ஸ்பார், அதாவது நீளவாட்டில் தாங்கும் உத்தரம், இன்னும் சில ரிப், அதாவது குறுக்குச் சட்டம், முன் ஓரத்தில் வளைத்த தகடு, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஸ்பாரைப் பின் உடலின் சட்டங்களோடு பிணைக்கும் இடம். ரடர் செய்யத் தெரிந்தவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அதே 6061 அலுமினியம், அதே இழுப்பு ரிவெட், அந்த ரிவெட் துப்பாக்கியின் முனையில் குழி வெட்டியிருப்பார்கள், தட்டைத் தலை ரிவெட் இழுபடும்போதே குவிந்த தலையாக உட்காரும், அதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான்: ஃபின் உடலின் நடுக்கோட்டோடு சரியாக நேராக நிற்க வேண்டும். ஒரு பாகை தப்பினால் வாழ்நாள் முழுக்க ஒரு பெடலை மிதித்துக்கொண்டே பறக்க வேண்டியதுதான். தூக்குக்குண்டும் மூக்கிலிருந்து வால் வரை இழுத்துக் கட்டிய நூலும் வைத்து மூன்று முறை அளந்துவிட்டு அப்புறம் துளை போடுங்கள்.

முடிவை எப்போது எடுப்பது என்பதற்கு என் பதில், பின் உடலை மூடுவதற்கு முன். கனடாவில் மூடுவதற்கு முன் ஆய்வு உண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆய்வாளர் பார்த்து கையெழுத்துப் போட்ட பிறகு மறுபடி பிரிப்பது யாருக்கும் பிடிக்காத வேலை. அமெரிக்காவில் இருப்பவர்கள் பறக்க ஆரம்பித்த பிறகு வாலை மாற்றினால் அது பெரிய மாற்றம் என்று கணக்கில் வரும், தகவல் கொடுத்துவிட்டுக் குறைந்தது 5 மணி நேரம் பரிசோதனைக் கட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் இன்றே செய்தால் ஒரு வாரம், அன்றைக்குச் செய்தால் ஒரு பருவம்.

எனவே என் கருத்து இதுதான். சின்னப் புல்தரை, பக்கக்காற்று அடிக்கிற ஒரே ஓடுதளம், அரை மணி ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு இறங்குவது, லேசான எஞ்சின், பெடலில் கால் வைத்தே பழகியவர் என்றால் ஃபின் வேண்டாம், ஹைன்ட்ஸ் வரைந்தபடியே கட்டுங்கள், பணமும் மிச்சம் எடையும் மிச்சம். இந்த வாலோடு இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் பறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நீண்ட தூரம் போகப்போகிறீர்கள், வரைபடத்தை மடியில் விரிக்க இரண்டு நிமிஷம் காலும் கையும் ஓய வேண்டும், எய்லரானை மட்டும் பிடிக்கிற எளிய ஆட்டோபைலட் போடப்போகிறீர்கள் என்றால் ஃபின் போடுங்கள். அந்த ஆட்டோபைலட் இறக்கையைச் சமமாக வைக்கும், ஆனால் வால் இடவலமாக அலைந்தால் அதைப் பற்றி அதற்குத் தெரியவே தெரியாது, அலைச்சல் முழுக்கப் பயணிக்குத்தான்.

என் விஷயத்தில் பயணி என் மனைவி. காரின் பின் இருக்கையிலேயே தலை சுற்றுகிறவள். இங்கிருந்து சட்பரி வரை போய் அவள் அக்காவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் இந்த விமானத்தை ஆரம்பித்ததற்கே காரணம். பந்து அரைத் தூரம் தள்ளிப் போய் நிற்கிற விமானத்தில் அவளை உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. கோர்வேர் எஞ்சினின் கனம் வால் எடையைத் தாங்கிக்கொள்ளும். நான் இறங்கப்போகிற ஓடுதளம் அகலமானது, பக்கக்காற்று அதிகமானால் குறுக்கே இன்னொன்றும் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஃபினுக்கும் ரடருக்கும் ஆர்டர் போட்டுவிட்டேன். பேட்டரி தட்டை எஞ்சின் சுவருக்குப் பக்கத்தில் வைப்பதா, இருக்கைக்குப் பின்னாலேயே விடுவதா என்பதை எஞ்சினை மாட்டித் தராசில் ஏற்றின பிறகு முடிவு செய்வேன், இரண்டு இடத்துக்கும் கேபிள் நீளம் விட்டிருக்கிறேன்.

மெக்சிகோவில் செய்த ரடரை என்ன செய்வது என்றுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது ரிப்பில் நான் முதன்முதலாக அடித்த ரிவெட் இருக்கிறது, லேசாகச் சாய்ந்திருக்கும், சொல்லிக்கொடுத்தவர் அதைத் துளைத்து எடுத்து மறுபடி அடிக்கச் சொன்னார், அடித்த அடையாளம் இன்னும் தெரியும். பேரி என்ற ஊர்ப் பக்கத்தில் 650 கட்டுகிற ஓர் இளைஞர் ஃபின் இல்லாமலேயே போகப்போவதாகச் சொன்னார், அவருக்கு ரோடாக்ஸ். ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். போர்வை இரண்டு எடுத்துவைத்திருக்கிறேன், வழியில் தகட்டில் கீறல் விழாமல் போக வேண்டும்.